விரிப்பின் ஓரத்தில் ஊசித்துளை

அத்தியாயம் 9

வர மாட்டேன் என்று ஒன்பது தடவை சொன்ன பெரியவள் பத்தாவது தடவை தலையை ஆட்டிவிட்டாள். போன வாரம் அவளை அந்த இடத்தில்தான் விட்டு வந்தோம். சம்மதத்தில் ஆட்டிய தலை இல்லை அது. தம்பி வாயை மூடினால் போதும் என்று ஆட்டியது.

புருஷன் போய்ப் பதினோரு மாதம். இந்தப் பதினோரு மாதத்தில் அவள் கால் பட்ட இடங்கள் இரண்டே இரண்டு: வீடு, ஆஸ்பத்திரித் துணியறை. இருபத்திரண்டு வருஷமாகத் துணியறைக்கு அவள்தான் பொறுப்பு. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் 'துணியம்மா'. வீட்டில் மட்டும் பெரியவள். அவளுக்குப் பதினைந்து வயது இளைய தம்பி சின்னவன். நாற்பது வயதாகி, முன்மண்டையில் முடி கழன்று, ஒரு பெண்ணுக்கு அப்பனும் ஆகிவிட்டான். ஆனாலும் சின்னவன்தான்.

"கடல் காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்க்கா."

என்ன சரியாகும் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளைக் கண்டால் ஆளாளுக்கு ஒரு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கே கூட்டிக்கொண்டு போகத் துடிக்கிறார்கள்.

நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். சின்னவனுடைய வேனிலிருந்து இறங்கியதும் கடல் காற்று முகத்தில் அடித்தது. பத்து நாள் எண்ணெயில் எதையோ பொரிக்கும் வாடை. ஈரத்துண்டு புழுங்கும் வாடை. அதற்கும் அடியில், மூடி போடாத சாக்கடை.

"அண்ணி, இது கடலா, பாத்திரம் கழுவின தொட்டியா?" என்றாள் சின்னவன் மனைவி. அவளுக்குக் குடும்பத்தில் பட்டாசு என்று பெயர். திரி கிள்ளவேண்டியதே இல்லை, தானாக வெடிப்பாள். நாத்தனாரிடம் மட்டும் கொஞ்சம் சத்தம் குறைத்து வெடிப்பாள்.

கரையில் நுரை பழுப்பாக ஒதுங்கியிருந்தது. ஒருத்தி குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட அதே அலையில் நாலடி தள்ளி ஒரு பெரிய மனிதர் வாய் கொப்பளித்தார். விடுதிகளின் பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் மணலுக்குள் வந்து முடிந்தது. அதன் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் எதுவோ கசிய, அந்த ஈர மணல்தான் நன்றாகப் பிடிக்கிறது என்று இரண்டு பிள்ளைகள் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் குடைக்கடியில் மல்லாந்து கிடந்தார்கள். பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரூமுக்குப் போயிடலாம்" என்றாள்.

"வாடகை இல்லாத ரூமு. தானமா குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதீங்க, சொல்லிட்டேன்" என்றாள் பட்டாசு.

"தெரிஞ்ச மேனேஜர்" என்றான் சின்னவன், யாரும் கேட்காமலே.

அறை மூன்றாவது மாடியில். மாடிப்படியின் கைப்பிடி பிசுபிசுத்தது. குளியலறைச் சோப்பில் யாருடைய முடியோ சுருண்டு ஒட்டியிருந்தது. ஆனால் படுக்கை விரிப்பு மட்டும் புத்தம் புதிது. மடிப்பு கலையவில்லை, கஞ்சி வாசனை போகவில்லை.

"பாத்தியாக்கா? உனக்காகச் சொல்லி வச்சுப் போடச் சொன்னேன்."

பதினோரு மாதத்தில் முதல் தடவையாகத் தம்பியின் மேல் அவளுக்குக் கொஞ்சம் இளகியது. விரிப்பைப் பற்றி யோசிக்கிற ஆண்பிள்ளை எத்தனை பேர்?

அவன் சாப்பாடு வாங்கக் கீழே போனான். போன ஐந்தாவது நிமிஷம் அவனுடைய மகள் பொடிசு, ஐந்து வயது, கட்டிலில் குதித்துக் கையிலிருந்த ஆரஞ்சு ஜூஸை விரிப்பு முழுக்கக் கொட்டினாள்.

"உன் அப்பன் வம்சத்துக்கே கை ஓட்டை!" என்று மகளுக்கு ஒரு வெடி போட்டுவிட்டு, பட்டாசு வராந்தாவில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். அறை சுத்தம் செய்கிற அம்மா வந்தாள். ஈரச் செருப்பு, இடுப்பில் சாவிக்கொத்து. நனைந்ததை உருவிவிட்டு, கையோடு கொண்டுவந்த இன்னொரு விரிப்பை ஒரே உதறலில் போட்டுப் போனாள். பொடிசு அதன்மேல் குப்புற விழுந்து கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, "அத்தை, நீங்களும் படுங்க" என்றாள்.

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரிப்பைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஓரத்தைப் பிடித்து மூலை வரைக்கும் போகும். போயிற்று. மூலையில் நின்றுவிட்டது.

துளைகள்.

வரிசையாக, குறுக்கும் நெடுக்குமாக, ஊசி ஏறி இறங்கிய துளைகள். நூலைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். வெளுத்தும் விட்டார்கள். ஆனால் ஊசி போன இடம் எத்தனை வெளுத்தாலும் ஊசி போன இடம்தான். மடிப்பைப் பிரித்து உள்ளே பார்த்தாள். அரை அங்குலம் சிவப்பு நூல், பிசிறாக, தையலுக்குள் மாட்டிக்கொண்டு இருந்தது.

சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி. தொற்று வார்டு. அவளுடைய ஆஸ்பத்திரி. அவள் கையால் போட்ட தையல்.

"கண்ணு, எழுந்திரு."

"ஏன் அத்தை?"

"எழுந்திருன்னா எழுந்திரு!"

பெரியவள் சத்தம் போட்டு அந்தக் குழந்தை கேட்டதே இல்லை. உதடு பிதுங்கிவிட்டது. பட்டாசு குளியலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ன அண்ணி? பூச்சியா?"

"குழந்தையைக் குளிப்பாட்டு. மூஞ்சியை நல்லா தேய்ச்சு விடு. லாட்ஜ் சோப்பு வேண்டாம், நம்ம சோப்பு."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு பட்டாசுகூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

குளியலறைக் கதவு சாத்தியதும் பெரியவள் விரிப்பை முழுதாக விரித்துப் பார்த்தாள். நடுவில், துருவின் நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. வெளுத்ததில் விளிம்பு மட்டும் மிஞ்சிய கறை. கறை போகாததால் கழித்துக் கட்டிய விரிப்பு இது. எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டியது.

தொற்று வார்டில் கழித்த விரிப்புக்கு ஒரு முறை உண்டு. துணியம்மா அதைக் கத்திரியால் நடுவில் நெடுக வெட்ட வேண்டும். இரண்டு துண்டான பிறகுதான் மூட்டை கட்டலாம். வெட்டினேன் என்று சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எரியுலைக்குப் போகிற வண்டியில் ஏற்றலாம். வெட்டின துணியை யாரும் திரும்ப விரிக்க முடியாது, அதற்காகத்தான் வெட்டுவது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வெட்டாமல் விட்டது ஒரே ஒரு மாதம்.

அவர் அந்த வார்டில்தான் பத்தொன்பது நாள் கிடந்தார். அங்கேயேதான் முடிந்தது. அவர் போன பதினேழாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பியபோது துணியறையில் நாலு மூட்டை காத்திருந்தது, எல்லாம் அந்த வார்டுத் துணி, எல்லாம் அந்த நாட்களின் துணி. கத்திரியை எடுத்தாள். முதல் விரிப்பைப் பிரித்தாள். கத்திரி நகரவில்லை. இதில் எது அவர் படுத்தது? எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். அன்றைக்கு எரியுலை வண்டியை ஓட்டியவன் சின்னவன். அவள் கையிலிருந்து கத்திரியை மெதுவாக வாங்கி வைத்தான். "நீ உட்காருக்கா. போற வழியில நானே கிழிச்சுப் போட்டுடறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

போட்டாள்.

அப்படி ஒரு தம்பி கிடைத்ததற்கு அன்றைக்கு அழுதாள்.

இப்போது விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரு ஆசை வந்தது. வந்த ஆசையைச் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. முகத்தை அதில் வைத்து மோந்து பார்த்தாள். பிளீச்சிங் பவுடர். ஈரப்பூஞ்சை. யாரோ ஊர் பேர் தெரியாதவனின் தலை எண்ணெய். ஊறிய எச்சிலை ஜன்னலைத் திறந்து வெளியே துப்பினாள். விரிப்பின் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் அதிகம் அருவருப்பு வந்தது.

விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினாள். கொல்லையில் கொடி கொடியாக விரிப்புகள் உலர்ந்துகொண்டிருந்தன. அறை சுத்தம் செய்கிற அம்மா சுவரோரம் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து ஊக்கால் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஊறுகாய் ஜாடி. பாதி வரைக்கும் சிவப்பு நூல் துணுக்குகள்.

"ரூம்ல எதுனா வேணுமாம்மா?"

"இதெல்லாம் எங்கேருந்து வருது?"

"மாசா மாசம் மூட்டையா வரும். ஒரு கிழிசல் இருக்காது, தெரியுமா? கறை மட்டும்தான். இந்த நூலைப் பிரிக்கிறதுக்குள்ளதான் கண்ணு போயிடுது. எந்தப் புண்ணியவதி தைச்சாளோ, ஒவ்வொண்ணுக்கும் மூணு முடிச்சு போட்டிருக்கா."

புண்ணியவதி அவள் முன்னாலேயே நின்றாள்.

"மூட்டையை யார் கொண்டு வராங்க?"

"நான் பார்த்தது இல்லம்மா. நான் வர்றதுக்கு முன்னாடியே இறக்கிட்டுப் போயிடுவாங்க. நேத்துகூட ஒண்ணு வந்தது, இன்னும் பிரிக்கல."

மூலையில் கிடந்த மூட்டையைப் பெரியவள் அவிழ்த்தாள். மேலேயே ஒரு விரிப்பு இருந்தது, வெளுக்காதது, மஞ்சள் பூத்த சீழ்க்கறையோடு. மூலையில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. ஒரு பெருக்கல் குறி இல்லை. இரண்டு.

தொற்று வார்டுக்கு இரண்டு குறி போட ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. இரண்டு குறி போட்ட விரிப்பில் கழித்தது ஒவ்வொன்றையும் அவள் தன் கையால் வெட்டியிருக்கிறாள். வெட்டாமல் ஒன்று வெளியே வந்திருக்கிறது என்றால் அது அவள் துணியறை வழியாக வரவில்லை.

அவள் கொல்லையைத் தாண்டிக் கரைக்கு வந்தபோது சின்னவன் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு மணலில் எதிரே வந்தான். அக்காளின் தோளில் கிடந்த பழைய விரிப்பைப் பார்த்தான்.

"புதுசு போடச் சொல்லியிருந்தேனே!"

முதல் வார்த்தையே அதுதான். வாயை விட்டுப் போன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"அப்போ பழசு எதுன்னு உனக்குத் தெரியும்" என்றாள் பெரியவள்.

"அக்கா…"

"கிழிச்சுப் போடறேன்னியேடா."

"மெதுவா பேசு. ஜனங்க பாக்கறாங்க."

"ஜனங்க இது மேலதான்டா படுத்திருக்காங்க!"

"நாலே நாலு மூட்டைக்கா. அப்போ எனக்கு ஒரு இக்கட்டு. யாருக்கு என்ன ஆயிடுச்சு சொல்லு? பதினோரு மாசத்துல எந்தக் கிருமி உயிரோட இருக்கும்? வெளுத்துட்டா துணி துணிதானே?"

"உன் மாமா படுத்துச் செத்த ஷீட்டா இருக்கலாம் இது. உன் பொண்ணு மூஞ்சியைத் தேய்ச்சுக்கிட்டுப் படுத்திருந்தா."

பொட்டலம் ஒன்று அவன் கையிலிருந்து நழுவி மணலில் பிரிந்தது. எங்கிருந்தோ ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டு, வேண்டாம் என்று போயிற்று. கழுத்தில் கேமரா மாட்டிய ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"சார், அக்காவோட ஒரு போட்டோ? பின்னாடி கடல் வரும், உடனே பிரிண்ட்."

"போய்யா!" என்றாள் பெரியவள். அவன் பத்தடி தள்ளிப் போய் அடுத்த குடும்பத்தைப் பிடித்தான்.

சின்னவன் அழ ஆரம்பித்தான். தோள்பட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். சின்ன வயதில் அந்த மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டவள் அவள்தான். இன்றைக்கு அவள் கை முந்தானைக்குப் போகவில்லை. அழுகைகூட வெளுத்துப் போட்டது மாதிரி இருந்தது.

"நேத்து வந்த மூட்டையில ரெண்டு குறி இருக்கு" என்றாள். "அது யாரு?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா! நான் அந்த வண்டியை விட்டே ஆறு மாசமாச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். இப்போது அவன் சொந்த வேனில் கடைகளுக்குச் சரக்கு ஏற்றுகிறான். அவன் கண்ணைப் பார்த்தாள். பொய் சொன்னால் அவனுக்கு இடது கண் துடிக்கும். துடிக்கவில்லை. இருந்தும் பதினோரு மாதத்துக்கு முன்பு கத்திரியை வாங்கியபோதும் அந்தக் கண் துடிக்கவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

போனை எடுத்தாள்.

"யாருக்குக்கா?"

"டாக்டரம்மாவுக்கு." தொற்று வார்டின் தலைமை டாக்டர். இன்றைக்குச் சனிக்கிழமை, மத்தியானம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் தன் அறையில் இருப்பார்.

"யோசிச்சுத்தான் பண்றியா? கையெழுத்து உன்னுது. முதல்ல மாட்டறது நீதான். இருபத்திரண்டு வருஷம் பாத்த வேலை, ரிட்டயர் ஆகற நேரத்துல வெளியே தள்ளுவாங்க. அப்புறம் என்னைப் பிடிப்பாங்க. பொடிசு ஸ்கூல்ல 'உங்கப்பா எங்கே'ன்னு கேட்டா என்ன சொல்லும்? நாம நாலு பேரும் தெருவுல நிக்கணுமா? மேனேஜர்கிட்ட சொல்லி எல்லாத்தையும் இன்னிக்கே எரிக்கச் சொல்றேன். விஷயம் முடிஞ்சுது."

எரித்துவிட்டால் முடிந்துவிடும் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. தூரத்தில் விடுதிக் கொல்லைக் கொடிகளில் வரிசையாக வெள்ளை. ஒவ்வொன்றின் மேலும் இன்றைக்கு யாரோ படுப்பார்கள். அடுத்த மாதமும் ஒரு மூட்டை வரும்.

"பேசுங்க அண்ணி."

பின்னால் பட்டாசு நின்றாள். குழந்தையைத் தன் புடவைத் தலைப்பிலேயே சுற்றித் தூக்கி வந்திருந்தாள். பொடிசின் கன்னங்கள் தேய்த்த தேய்ப்பில் சிவந்திருந்தன.

"துண்டும் அதே கும்பல்தானோ என்னமோன்னு இவளைத் துடைக்கக்கூட இல்ல. கீழே நூல் பிரிக்கிற பொம்பளை எல்லாம் சொன்னா. நீங்க பேசலைன்னா நான் பேசுவேன், எனக்குச் சத்தம் குறைச்சுப் பேசத் தெரியாது."

"நீ சும்மா இருடி" என்றான் சின்னவன்.

"பத்து வருஷமா சும்மாதான் இருக்கேன்!"

மறுமுனையில் மணி அடித்தது. டாக்டரம்மா எடுத்தார்.

"சொல்லுங்க துணியம்மா. லீவுல இருக்கீங்கன்னு சொன்னாங்களே?"

பெரியவள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று சொன்னாள். வெட்டாத நாலு மூட்டை. பொய்க் கையெழுத்து. அது ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்கு அது தெரியும், புருஷனைக் கடைசியாகப் பார்த்த டாக்டர் அவர்தான். கொடியில் பார்த்தது, மூட்டையில் பார்த்தது. "கொண்டு போனது என் தம்பி" என்றபோது சின்னவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு டாக்டரம்மா, "பழசை நீங்களே சொல்லிட்டீங்க, அதை அப்புறம் பேசலாம்" என்றார். "இந்த ரெண்டு குறி விஷயம்தான் எனக்குப் புரியல. இருங்க, இந்த மாசக் கோப்பு மேஜை மேலதான் இருக்கு."

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நாற்பது விரிப்பு, நடுவில் வெட்டி எரியுலைக்கு அனுப்பப்பட்டது. நேத்துத் தேதி. கீழே உங்க கையெழுத்து இருக்கே?"

"நேத்து நான் வேலைக்கே வரலைங்க" என்றாள் பெரியவள். "வீட்ல பையில துணி அடுக்கிக்கிட்டிருந்தேன்."

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த பட்டாசு, குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். மணலில் உட்கார்ந்திருந்த புருஷனைக் குனிந்து பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நேத்து விடியறதுக்கு முன்னாடி வேனை எடுத்துக்கிட்டு எங்கங்க போனீங்க?"